அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

தேய்ந்த இன்ஜினைத் தங்கள் கையாலேயே கட்டிவிட வேண்டும் என்று இறங்கிய பலரை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பாதியில் கைவிட்டவர்களில் கைத்திறன் இல்லாதவர்கள் குறைவு. பெரும்பாலோர் வரிசை தவறியவர்கள். பிஸ்டனை வாங்கிவிட்டு சிலிண்டரை அளந்தார்கள். கிராங்கை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) தேய்க்கக் கொடுத்துவிட்டு அந்த அளவுக்கு பேரிங் கிடைக்குமா என்று தேடினார்கள். இந்த வேலையில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையைக் கேட்கிறது. அதனால்தான் செய்முறையைவிட வரிசையைப் பற்றி இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசடருக்கான வழிகாட்டி. டீசல் இன்ஜினுக்கும், பின்னாளில் வந்த 1.8 லிட்டர் இசுசூ இன்ஜினுக்கும் இங்குள்ள அளவுகள் பொருந்தா.

1. கழற்றும் முன் சோதியுங்கள்

புகை வருகிறது என்பதற்காக உடனே இன்ஜினை இறக்காதீர்கள். முதலில் கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று அளப்பது. இன்ஜினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நல்ல சிலிண்டரும் மோசமாகத்தான் தெரியும்.

பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் தேய்மானம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியைச் சற்று நேரம் அடைத்திருக்கிறது. எண் ஏறவில்லை என்றால் காற்று வால்வு வழியாகப் போகிறது. அப்போது ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல்பகுதியை) மட்டும் கழற்றினால் போதும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆயில் அழுத்தத்தையும் குறித்து வையுங்கள். சூடான இன்ஜின், ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்ட வேண்டும். பாதிகூட வராமல், அடியிலிருந்து கனமான தட்டல் ஓசையும் கேட்டால் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. இந்த எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிடத் தேவைப்படும்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

முதல் தேவை பட்டறைக் கையேடு. இரண்டாவது, அங்குல அளவு ஸ்பேனர் செட். இந்த இன்ஜினின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 எம்.எம். ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்திவிடும். அந்த ‘ஏறத்தாழ’தான் நட்டின் மூலைகளை மழுக்குகிறது. மழுங்கிய நட்டை எடுக்க உளியும் சுத்தியலும் வரும். பிறகு ஸ்டட் உடையும்.

டார்க் ரெஞ்ச் (குறித்த விசைக்கு முறுக்குவது), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), பிஸ்டன் ரிங் கம்ப்ரஸர், வால்வு ஸ்பிரிங் அமுக்கி ஆகிய நான்கையும் கடன் வாங்கினாலும் பரவாயில்லை, இல்லாமல் தொடங்காதீர்கள். மைக்ரோமீட்டரும், சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜும் உங்களிடம் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் அளந்து தருவார்கள். அளக்கும்போது நீங்களும் அருகில் இருந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் மூடியதாக இருக்கட்டும். திறந்த இன்ஜினின் மேல் தெருப்புழுதி படிந்தால், புதிய பேரிங்குக்கு அதுவே எமரித்தூள். உதிரிகளைப் போட மூடியுள்ள டப்பாக்கள், பெயர் எழுதிய பைகள், கைபேசியில் படம் எடுக்க இடம், இவை எல்லாம் வேலை தொடங்கும் நாளில் தயாராக இருக்க வேண்டும்.

3. இன்ஜினை இறக்குதல்

பேட்டரி, தண்ணீர், ஆயில், பானெட், ரேடியேட்டர் என்ற வரிசையில் போங்கள். பானெட் கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது ஒரு மணி நேரம் மிச்சம். பெட்ரோல் குழாயை அடைத்துவிடுங்கள். ஒயர்களில் காகிதப் பட்டை ஒட்டி எண் எழுதுங்கள்.

இறக்கும்போது நிறையப் பேர் செய்யும் ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். கியர் பாக்ஸிலிருந்து இன்ஜினைப் பிரிக்கும்போது கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து, செயின் பிளாக்கில் இன்ஜினின் எடையைத் தாங்கி, இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து நேராக முன்னே இழுக்க வேண்டும். இன்ஜினின் எடை கியர் பாக்ஸின் உள்தண்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அந்தக் கோளாறு எல்லாம் முடிந்து வண்டி ஓடும்போதுதான் தெரியவரும்.

4. பிரித்தல்: அடையாளம் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள்

ஹெட்டின் மேல், வால்வுகளை அமுக்கும் ராக்கர்களின் தண்டிலிருந்து தொடங்குகிறோம். ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கர்தானே என்று அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் மட்டும் விடுபட்டு முறுக்கிக்கொள்ளும். எனவே முதலில் தண்ணீர் முழுதாக வடிந்திருக்க வேண்டும். பிறகு ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும்.

ராக்கர்களைத் தள்ளும் எட்டு புஷ் ராடுகளையும் எட்டு துளை போட்ட அட்டையில் வரிசையாகக் குத்தி வையுங்கள். பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து டாப்பெட்டுகளை (கேம் முனைகள் தள்ளும் சிறு உருளைகளை) எடுத்து, அவற்றையும் எண்ணிட்டு வையுங்கள். ஒவ்வொரு டாப்பெட்டும் தன் கேம் முனையோடு சேர்ந்து தேய்ந்து பழகியது. இடம் மாறினால் இரண்டும் விரைவில் கெடும். கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கவைக்கும் முனைகள் உள்ள தண்டை) உருவுவதற்கு முன் டாப்பெட்டுகள், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் தண்டு, ஆயில் பம்ப் மூன்றும் வெளியே வந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை எடுக்கும் முன் முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, அதன் வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டில் நூல் வெட்டிய துளை இருக்கும். 5/16 அங்குல யு.என்.எஃப். போல்ட்டை, ஏறக்குறைய மூன்றரை அங்குல நீளத்தில், அதில் முறுக்கிக் கைப்பிடியாக வைத்து உருவலாம்.

அடுத்தது பிஸ்டன்கள். இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடின் அடிப்பகுதி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் ராடும் பிஸ்டனும் சேர்ந்து சிலிண்டரின் மேல் வழியாக வெளியே வரும். ஆனால் தேய்ந்த சிலிண்டரின் உச்சியில், ரிங் தொடாத இடத்தில், ஒரு விளிம்பு நின்றிருக்கும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த விளிம்பை நீக்காமல் பிஸ்டனை மரக்கட்டையால் தட்டி ஏற்றினால் ரிங் காடி உடையும். பிஸ்டனை எப்படியும் மாற்றப் போகிறோமே என்று சிலர் நினைக்கிறார்கள். மாற்ற வேண்டுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

ராடுகளையும் அவற்றின் மூடிகளையும், மெயின் பேரிங் மூடிகளையும், கழற்றுவதற்கு முன்பே எண் குத்திக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினுக்கு மெயின் பேரிங்குகள் மூன்றுதான். ஒவ்வொரு மூடியும் பிளாக்கோடு சேர்த்துத் துளையிடப்பட்டது. முன்னது பின்னதாக மாறினாலோ, முகம் திரும்பினாலோ கிராங்க் இறுகிப் பிடிக்கும்.

5. அளத்தல்

இந்தப் படியில் பொறுமை காட்டியவர்கள் பின்னால் பணத்தை இழக்கவில்லை. ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

சிலிண்டரின் மூல விட்டம் 73.025 எம்.எம். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில், கிராங்குக்கு இணையாகவும் குறுக்காகவும், ஆக ஆறு முறை அளங்கள். தேய்மானம் சமமாக இருக்காது. ரிங் மேலேறித் திரும்பும் இடத்தில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, குறுக்குத் திசையில்தான் மிக அதிகம். வெடிப்பின் அழுத்தம் உச்சமாகவும் ஆயில் மிகக் குறைவாகவும் இருக்கும் இடம் அது. அடியில் மட்டும் அளந்துவிட்டு ‘சிலிண்டர் ஸ்டாண்டர்டாகவே இருக்கிறது’ என்று மகிழ்ந்தவர் ஒருவரை நான் அறிவேன். புது ரிங் போட்டும் அவர் வண்டி புகை விட்டது.

தேய்மானம் 0.2 எம்.எம்.மை நெருங்கினால் மறுபோர் போட (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைய) வேண்டியதுதான். அப்போது நான்கு சிலிண்டர்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுபோங்கள். பட்டறைகளில் பத்து சைஸ், இருபது சைஸ், முப்பது சைஸ், நாற்பது சைஸ் என்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு கூடுதல் என்று பொருள். இருபது சைஸ் என்றால் 73.025 உடன் 0.508 சேர்ந்து 73.533 எம்.எம். ஆகும். மிக மோசமான சிலிண்டர் எந்த சைஸில் சுத்தமாகுமோ அதுவே நான்குக்கும் அளவு. ஏற்கெனவே நாற்பது சைஸில் இருக்கும் பிளாக்கானால் ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கி மீண்டும் ஸ்டாண்டர்டுக்கு வருவதே வழி.

கிராங்கின் மெயின் தண்டு (மெயின் பேரிங்கில் சுழலும் பகுதி) மூல அளவில் 50.8 எம்.எம்., ராட் தண்டு (கனெக்டிங் ராடு மாட்டும் பகுதி) சுமார் 47.65 எம்.எம். இவற்றையும் பல திசைகளில் அளங்கள். ஒரு திசைக்கும் மறு திசைக்கும் வேறுபாடு இருந்தால் தண்டு முட்டை வடிவமாகியிருக்கிறது. புதிய பேரிங் போட்டாலும் ஆயில் படலம் நிற்காது. நகம் இடறும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும் தேய்த்தே ஆக வேண்டும். பழைய பேரிங்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முன்பு எந்த சைஸ் போட்டிருக்கிறார்கள் என்று அங்கே பொறித்திருக்கும்.

ராடுகள் வளைந்திருக்கின்றனவா, முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பதை யாரும் கேட்டுச் செய்வதில்லை. கேளுங்கள். பிஸ்டனின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருப்பதற்கு அதுவே சாட்சி.

ஹெட்டில், அடுத்தடுத்து இருக்கும் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் உண்டா என்று நன்றாகத் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தண்ணீர் அழுத்தச் சோதனையில்தான் பிடிக்க முடியும். ஹெட்டுக்குச் செலவு செய்யும் முன்பே இந்தச் சோதனை நடக்க வேண்டும். புதிய வால்வும் கைடும் (வால்வுத் தண்டு நகரும் குழலும்) போட்ட பிறகு விரிசல் தெரிந்தால் அந்தக் கூலி முழுவதும் வீண்.

6. முதலில் உதிரி, பிறகு லேத்

அளவுகள் கையில் வந்ததும் லேத் பட்டறைக்கு ஓடத் தோன்றும். பொறுங்கள். இந்த வண்டி உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எல்லா சைஸும் எல்லா நேரத்திலும் கிடைப்பதில்லை. உங்கள் கிராங்க் பத்து சைஸில் சுத்தமாகும், ஆனால் இருபது சைஸ் பேரிங்தான் கிடைக்கிறது என்றால் இருபதுக்கே தேய்த்துவிடலாம். பத்துக்குத் தேய்த்துவிட்டுப் பேரிங் கிடைக்காமல் நின்றால், மறுபடி தேய்க்கக் கூலி இரண்டு முறை.

சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் விசாரித்துவிட்டுப் புதுப்பேட்டைக்குப் போவது வழக்கம். அம்பாசடர் உருவான ஆலை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இருந்தது. டாக்ஸிகளாக இந்த வண்டிகள் நீண்ட காலம் ஓடிய ஊர் கொல்கத்தா. இங்கே கிடைக்காத உதிரிக்கு அங்கே மல்லிக் பஜாரில் தேடலாம்.

பிஸ்டன் செட் உங்கள் கைக்கு வந்த பிறகே சிலிண்டருக்குப் போர் போடக் கொடுங்கள். பெட்டியில் இருபது சைஸ் என்று எழுதியிருந்தாலும் பிஸ்டனின் உண்மை அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்றே மாறும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியும் அவரவர் குறிப்பைப் பொறுத்தது. நல்ல பட்டறைக்காரர் பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டிப் போர் போடுவார். பிஸ்டனைக் கேட்காமலேயே போர் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பிளாக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

பிளாக்கையே மாற்ற நேர்ந்தால் இன்ஜின் எண் மாறும். பழைய உதிரிக் கடையில் வாங்கும்போதே ரசீதை வாங்கிவைத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழில் மாற்றிக்கொள்ளுங்கள்.

7. பட்டறையில் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை

போர் போட்டபின் ஹோனிங்கில் (சுவரைக் கல்லால் தேய்ப்பதில்) குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த நுண்கோடுகளில்தான் ஆயில் தங்குகிறது. கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் ரிங் சுவரோடு பழகாது.

கிராங்கில் தண்டும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் மூல வளைவு அப்படியே இருக்க வேண்டும். கூர்மையாக வெட்டிவிட்டால் பின்னாளில் அந்த மூலையிலிருந்துதான் கிராங்க் முறியும். தேய்த்த பிறகு ஆயில் துளைகளின் வாய்விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னை மாட்டும் வேலையையும் பட்டறையிலேயே செய்துகொள்வது நல்லது. இந்த இன்ஜினில் பின்னை ராடின் மேல்முனை ஒரு போல்ட்டால் கவ்விப் பிடிக்கிறது. ராடை வைஸில் இறுக்கிக்கொண்டு அந்தப் போல்ட்டை முறுக்கினால் ராட் முறுக்கிக்கொள்ளும். பின்னின் இரு முனைகளையும் தாங்கியபடிதான் முறுக்க வேண்டும்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. வார்ப்பிரும்பிலேயே வெட்டிய பழைய எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம்தான் காப்பாக இருந்தது. ஹெட் பட்டறையில் இருக்கும்போதே கடினப்படுத்திய இருக்கைகளைப் பதித்துவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் குழாய்களையும் இதோடு சேர்த்து மாற்றிவிடலாம்.

8. கழுவுதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக் பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹோனிங் கல்லின் துகள் சுவரின் நுண்கோடுகளுக்குள் அப்பியிருக்கிறது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஆயிலைக் கரைக்கும், துகளைக் கிளப்பாது. வெந்நீரும் சலவைத்தூளும் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாவது நிற்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். என் அனுபவத்தில் நாலைந்து முறை ஆகும். துணி வெள்ளையாகவே வந்ததும் உடனே காயவைத்து ஆயில் பூசுங்கள். கடற்கரை ஊர்களில் ஒரு மணி நேரத்திலேயே துரு பூக்கும்.

ஆயில் வழிகளின் முனையில் உள்ள அடைப்புகளைக் கழற்றி, நீளமான பிரஷை உள்ளே விட்டுத் தேய்த்து, காற்றடிக்க வேண்டும். கிராங்கின் துளைகளுக்கும் இதேதான். முந்தைய பேரிங் உதிர்ந்த உலோகத்தூள் அங்கே காத்திருக்கும். கட்டிமுடித்த இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி தட்டத் தொடங்கியதை நான் பார்த்த இரண்டு முறையும் காரணம் இதுவே.

தண்ணீர் அறையின் வெல்ச் பிளக்குகளையும் (தகட்டு அடைப்புகளையும்) நீக்குங்கள். பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி, துருச்சேறு கெட்டிப்பட்டிருக்கும். கம்பியால் கிளறி எடுத்தால்தான் வரும். கோடையில் வண்டி கொதிப்பதற்கு ரேடியேட்டரைக் குறை சொல்வோர் பலர் இந்தச் சேற்றைப் பார்த்ததே இல்லை.

9. கிராங்கைப் படுக்கவைத்தல்

கையைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். ஆயில் முன்பக்கத்துக்கு மட்டுமே.

நடு மெயின் பேரிங்கின் இருபுறமும் கிராங்கின் முன்பின் நகர்வைத் தாங்கும் வாஷர்கள் வரும். அவற்றின் ஆயில் காடி உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் எஃகு முதுகின் மேல் உரசும்.

ஒரு மூடியை 70 பவுண்டு-அடிக்கு முறுக்குங்கள். கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். அடுத்த மூடி, மறுபடி சுற்றுங்கள். மூன்றையும் முறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்த்தால் எந்த மூடியில் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். மூன்றும் முறுக்கிய பிறகு முன்பின் நகர்வை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.05 முதல் 0.08 எம்.எம். வரை இருக்கலாம்.

பேரிங் தளர்வாகத் தோன்றினால் மூடியை அரத்தால் தேய்த்துக் கீழிறக்குவது, இறுக்கமாக உட்காரப் பேரிங்குக்குப் பின்னால் காகிதமோ தகடோ வைப்பது என்ற பழைய பழக்கங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டும் கூடாது. அரம் பட்ட மூடியின் வட்டம் திரும்ப வராது. காகிதம் வைத்த பேரிங்கிலிருந்து வெப்பம் வெளியேறாது. அளவு தவறு என்றால் திரும்பப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பின் முனையில் இந்தக் கிராங்குக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுக்காடிதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அங்கே லேசாக ஆயில் கசிவது இந்த அமைப்பின் இயல்பு. கேஸ்கெட் பசையைக் குழைத்து அப்பினால் காடி அடைபட்டுக் கசிவு கூடும். கிராங்க் முனையில் கியர் பாக்ஸ் தண்டு உட்காரும் சிறிய புஷ்ஷை இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு அதை அடைய எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

10. பிஸ்டனும் ராடும்

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன், தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளங்கள். 0.20 முதல் 0.33 எம்.எம். வரை வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் விரிந்து இரு முனைகளும் முட்டி சிலிண்டரைக் கீறும். மெல்லிய அரத்தால் முனையைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ‘மேல்’ என்று குறியிட்ட முகம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்ட ரிங் ஆயிலை வழித்து இறக்குவதற்குப் பதில் மேலே ஏற்றிவிடும்.

ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். பிஸ்டனின் தலையில் முன்பக்கக் குறி ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். ராட்களின் அடிப்பகுதி ஒருபுறம் தள்ளியிருக்கும். ஒன்றும் மூன்றும் ஒரு வகை, இரண்டும் நான்கும் இன்னொரு வகை. கழற்றும்போது குத்திய எண்ணின்படியே போடுங்கள்.

கம்ப்ரஸரால் ரிங்குகளை அமுக்கிப் பிடித்து, சுத்தியலின் மரப்பிடியால் தள்ளினால் பிஸ்டன் இறங்கும். நடுவில் தடுத்தால் நிறுத்துங்கள். ஒரு ரிங் வெளியே பிதுங்கியிருக்கிறது. ஓங்கித் தட்டினால் அது உடையும். ராட் போல்ட்டுகளுக்கு 35 பவுண்டு-அடி. பூட்டுத் தகடுகள் புதியவையாகவே இருக்கட்டும். ஒருமுறை மடித்து நிமிர்த்திய தகடு இரண்டாம் முறை பிளந்துவிடும். ஒவ்வொரு ராடு மாட்டியதும் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள்.

11. கேம், செயின், ஆயில் பம்ப்

புதிய கேம் ஷாஃப்ட் என்றால் புதிய டாப்பெட்டுகள். இதில் மிச்சம் பிடிக்க வழியில்லை. கேம் முனைகளில் கெட்டியான அசெம்பிளி கிரீஸ் தடவுங்கள்.

இரண்டு செயின் சக்கரங்களிலும் உள்ள குறிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி செயினை மாட்டுங்கள். மூடியைப் போடும் முன் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய செயினைப் பக்கவாட்டில் பிடித்தால் வில்போல் வளையும். அப்படி வளைந்தால் மாற்றுங்கள். செயின் மூடிக்குள் கிராங்க் மேல் வரும் ஆயில் எறியும் தகட்டை மறப்பது மிகச் சாதாரணமான தவறு. மூடியை இறுக்கியபிறகு அது மேசையில் கிடப்பதைப் பார்ப்பார்கள்.

ஆயில் பம்புக்குள் வாசலைன் அடைத்து மாட்டுங்கள். காலியான பம்ப் முதல் சுற்றிலேயே ஆயிலை உறிஞ்சாது. வாசலைன் அந்த இடைவெளியை நிரப்பி இழுக்க உதவும்.

12. ஹெட்

லேப்பிங் பசை வைத்து இருக்கையோடு தேய்த்த வால்வின் முகத்தில் உடையாத சாம்பல் வளையம் தெரிய வேண்டும். பசையில் உரசித் தேய்க்கும் தூள் இருக்கிறது. ஒரு துளிகூட கைடுக்குள் தங்காமல் கழுவுங்கள். கேஸ்கெட்டில் மேல்பக்கமும் முன்பக்கமும் குறித்திருக்கும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றாக, கையேட்டின் எண்ணுக்கு முறுக்குங்கள்.

வால்வு இடைவெளிக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு உதவும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வை, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பது வரும் ஜோடியைச் சரிசெய்யுங்கள். கையேடு சூட்டில் அளக்கச் சொல்கிறதா, குளிரிலா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும் முன் முதல் சிலிண்டர் உச்சியில் நிற்பது கம்ப்ரஷனிலா, எக்ஸாஸ்ட்டிலா என்று உறுதிசெய்ய வேண்டும். முதல் சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருந்து, நான்காவதின் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தால் கம்ப்ரஷன். ஒயர்களின் வரிசை 1-3-4-2.

13. முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக் இல்லாமல், ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாக இயக்கி, ஆயில் அழுத்தமானியில் முள் எழும் வரை சுற்றுங்கள். முள் எழாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. புதிய பேரிங் உலர்ந்த நிலையில் சில நொடிகள் ஓடினாலே கீறிவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விட்டுவிட்டுக் கசிவு தேடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. புதிய கேம் போட்டிருந்தால் அதுதான் பெரிய கேடு. கேமுக்கு ஆயில் கிராங்க் சிதறுவதால்தான் கிடைக்கிறது. மெதுவான ஓட்டத்தில் அது போதாது. உடனே 2000 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் அங்கேயே வையுங்கள். துத்தநாகச் சேர்மம் உள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயிலைப் பயன்படுத்துங்கள். கசிவு பார்க்க இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் கொதித்தாலோ ஆயில் அழுத்தம் விழுந்தாலோ மட்டும் நிறுத்துங்கள்.

14. முதல் 800 கிலோமீட்டர்

இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளைக் கையேடு சொல்லும் முறையில் மறுமுறை இறுக்குங்கள். புதிய கேஸ்கெட் முதல் சூட்டில் அமுங்கும். ஹெட் இறங்கினால் வால்வு இடைவெளியும் மாறும் என்பதால் அதை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

வேகம் 70 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்காக உருட்டிக்கொண்டும் போகாதீர்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிந்து விரியும் வாயுவின் அழுத்தம்தான். மிதமான சுமையில் ஏற்றி, காலை எடுத்து, மறுபடி ஏற்றி ஓட்டினால் ரிங் விரைவில் பழகும். நான்காவது கியரில் திணறவிடுவதும், போக்குவரத்து நெரிசலில் நெடுநேரம் நிற்பதும் இந்தக் காலத்தில் வேண்டாம்.

முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 800-இல் ஒருமுறை ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றுங்கள். வடிந்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். முதல் முறை மெல்லிய மினுமினுப்பு தெரிவது இயல்பு. இரண்டாம் முறையும் அதே அளவு தெரிந்தால், ஓட்டுவதை நிறுத்தி, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைத் திறந்து பேரிங்கைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 800-இல் மீண்டும் ஒரு கம்ப்ரஷன் சோதனை செய்து, முதல் நாள் எழுதிய நான்கு எண்களுக்கு நேரே புதிய நான்கையும் தேதியோடு எழுதுங்கள். அதே பக்கத்தில் கிராங்கின் சைஸ், சிலிண்டரின் சைஸ், ஹெட்டின் முகத்தைப் பட்டறையில் சீவியிருந்தால் அந்த அளவு ஆகியவற்றைக் குறித்து, நோட்டை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை இதைத் திறப்பவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.